பெக்கோக் பட்டறை லேத்தும் இரண்டு மோட்டார்களும்

பத்து பாகாட்டில் இரும்புப் பட்டறை நடத்தும் நண்பர்கள் சிலர் போன மாதம் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெல்ட்டில் ஓடிய, இரும்பு கடையும் பழைய லேத் ஒன்றை எங்கோ ஏலத்தில் எடுத்துவந்து பட்டறை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். துருவைத் துடைத்துப் பார்த்தேன், நல்ல சாமான். "பெரியவரே, இதுக்கு எத்தனை குதிரைசக்தி மோட்டார் போடலாம்?" என்று கேட்டார்கள். "என்னத்தைக் கடையப் போறீங்க?" என்று நான் கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, "எல்லாம்தான்" என்றார்கள். இந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு இன்றும் சுருக்கென்று கோபம் வரும். ஓய்வு பெற்றவன் கோபத்தை யார் சட்டை செய்கிறார்கள்? தேநீர் வாங்கிக் கொடுத்து, "உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க, படிச்சிட்டு முடிவு பண்றோம்" என்று அனுப்பிவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு முடிவு பண்ணட்டும்.

நான் தொழில் கற்ற கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் இரும்புத் துருவல் கூட்டும் வேலையில் சேர்ந்து, எண்ணெய் ஊற்றி, டூல் தீட்டி, திட்டு வாங்கி, ஒருவழியாக லேத்துக்காரன் ஆனேன். பெக்கோக்குக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆலைப் பட்டறைக்கு ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் ரயிலேறி வந்துவிட்டேன். பாக்கியத்தைக் கட்டியது அங்கேதான். அவள் அந்தத் தோட்டத்து லயத்தில், ஆட்களின் வரிசை வீடுகளிலேயே பிறந்தவள். கடலைப் பார்த்ததில்லை, கப்பலைப் படத்தில் பார்த்திருக்கிறாள்.

அப்போது ஆலையில் நீராவி இஞ்சின். காட்டு விறகை எரித்து ஓட்டுவார்கள். கூரைக்குக் கீழே நீளமாக ஒரு ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருக்கும். அதிலிருந்து பெல்ட் இறங்கி ரப்பர் அரைக்கும் மில்களை ஓட்டும். அந்த ஷாஃப்ட் சுவரில் ஒரு துளை வழியாகப் பட்டறைக்குள் நுழையும் இடத்தில், கடைசி வாலாக என் லேத். விறகு ஈரமாக இருந்தால் லேத் தள்ளாடும். மில்லில் தடித்த ரப்பர் கட்டியை ஒரேயடியாகத் திணித்தால் என் லேத் முனகும். நான் சுவரைப் பார்த்துத் திட்டுவேன். சுவருக்கு அந்தப் பக்கம் மில்லில் நிற்பவர்கள் என்னைத் திட்டுவார்கள். இப்படியே காலம் போனது.

ஆனால் பெல்ட்டிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. ஒருமுறை பம்பு ஷாஃப்ட் ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தேன். இரும்புக்குள் எங்கோ ஒரு கெட்டியான இடம். வெட்டும் டூல் அதில் மாட்டிக்கொண்டு உள்ளே இழுத்தது. டூல் ஒடிந்து என் முகத்துக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெல்ட் கிறீச்சென்று கத்தி, புல்லியில் வழுக்கி, கழன்று கீழே விழுந்தது. லேத் நின்றது. நான் அப்படியே உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன். அன்றோடு பெல்ட்டைத் திட்டுவதை விட்டுவிட்டேன்.

என் மேலதிகாரி செல்லையா. யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் இருந்துவிட்டுத் தோட்டத்துக்கு போர்மனாக வந்தவர். வெள்ளை உடுப்பில்தான் பட்டறைக்கு வருவார், வெள்ளையாகவே திரும்பிப் போவார். அது எப்படி என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. குரலை உயர்த்த மாட்டார். எந்த வேலை வந்தாலும் முதலில் பொருளின் பாரத்தைக் கேட்பார். பிறகு அதில் தேய்ந்த இடம் எது, தேயாத இடம் எது என்று விரலை வைத்துக் காட்டச் சொல்வார். கடைசியாக, "இது எப்பிடி நிக்கும்?" என்பார். "ஓடுறதைப் பிறகு பார்ப்பம். முதல் எப்பிடி நிப்பாட்டுவீர் எண்டு சொல்லும்." பதில் சரியில்லை என்றால் வெளியே போய் ஒரு சுருட்டுப் பிடித்துவிட்டு வருவார். அதற்குள் நாம் பதிலைக் கண்டுபிடித்துவிட வேண்டும். லேத்தில் எதை மாட்டினாலும் மோட்டாரோ பெல்ட்டோ ஓடுமுன் கையால் ஒரு முழுச்சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் விடமாட்டார். சுற்றும்போது கண்ணை மூடிக்கொள்வார். கைக்குத் தெரியவேண்டுமாம்.

ரப்பருக்கு நல்ல விலை இருந்த சமயத்தில் தோட்டம் புது ஆயில் இஞ்சினும் டைனமோவும் கேட்டிருந்தது. விலை தரையில் விழுந்த பிறகு அவை வந்து இறங்கின. வந்ததைத் திருப்பி அனுப்பவா முடியும்? பொருத்தினார்கள். மில்களைப் புது இஞ்சினே நேரே ஓட்டியது. கூரைக்குக் கீழே ஓடிய நீள ஷாஃப்டைக் கழற்றினார்கள். சுவர்த் துளையைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். என் லேத் அனாதையாக நின்றது.

இங்கே எங்கள் பட்டறை வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். கழித்த பெல்ட்டின் தோல், பட்டறைக்காரருக்கும் ஆலைக்காரருக்கும் சொந்தம். யாரும் கேட்க மாட்டார்கள். ஷாஃப்ட் இறங்கிய அன்றே எல்லாத் தோலையும் பங்கு போட்டோம். கொஞ்ச நாளில் லயம் முழுக்க எல்லார் காலிலும் புதுச் செருப்பு. எண்ணெய் ஊறிய தோல், மழையில் ஊறாது. என் லேத்தின் பெல்ட்டை அறுத்து எனக்கும் பாக்கியத்துக்கும் நானே தைத்தேன். இனிமேல் பெல்ட்டுக்கு வேலை ஏது என்று எல்லாரும்தான் நினைத்தோம்.

லேத்துக்குத் தனி மோட்டார் வேண்டும் என்று செல்லையா கேட்டார். சிங்கப்பூர் ஏஜண்டு ஒருவர் ஒரு மோட்டாரை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம். அதனுடன் ரெகுலேட்டர் பெட்டி ஒன்று. கைப்பிடியைத் திருப்பினால் வேகம் கூடும், குறையும். லேத்தின் படிப்புல்லி, அதாவது வேகத்துக்கு வேகம் பெல்ட்டை மாற்றிப்போடும் படிப்படியான சக்கரம், இனித் தேவையில்லை என்று அதைக் கழற்றச் சொன்னார் ஏஜண்டு. கழற்றினோம். அதோடு ஒட்டியிருந்த சின்னப் பல்சக்கரமும் போனது. பாரமான வேலைக்கு, பொருளைப் பிடித்துச் சுற்றும் ஸ்பிண்டிலை மெதுவாக, பலமாகச் சுற்றவைக்கும் பேக் கியர் அந்தப் பல்சக்கரத்தை நம்பித்தான் இருந்தது. மோட்டாரிலிருந்து ஸ்பிண்டிலுக்கு நேரே சங்கிலி போட்டோம்.

முதல் நாள் ஒரு மெல்லிய ஷாஃப்டைக் கடைந்து பார்த்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குத் தலைகால் புரியவில்லை. கைப்பிடியை ஒரு விரலால் தள்ளினால் போதும், லேத் சொன்னபடி கேட்டது. ஈர விறகும் இல்லை, முனகலும் இல்லை. செல்லையாவும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் மில் ரோலர் ஒன்றின் கழுத்து போனது. பேரிங்கில் எண்ணெய் வற்றி, அதற்குள் சுழலும் அந்தக் கழுத்து ஒரு பக்கமாகத் தேய்ந்து, கீறல் கீறலாகக் கிடந்தது. கழுத்தைக் கடைந்து வட்டமாக்கினால்தான் மில் ஓடும். பெரிய துரை பட்டறைக்கு வந்தார். தோட்டத்துத் துரைமார் எல்லாம் தமிழ் பேசுவார்கள்; இவர் தமிழில் மரியாதை என்ற பாடம் மட்டும் நடக்கவில்லை.

"ரோலர் இங்கே முடி," என்றார். "முடியாதா, சிங்கப்பூர் போகும். பிறகு இங்கே பட்டறை எதுக்கு? பட்டறை பூட்டு. நீ ஊருக்குக் கப்பல்."

அவர் மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கலக்கியது. ரப்பர் விலை விழுந்த அந்த மாதங்களில் லயம் லயமாக ஆட்களை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வரிசையில் பாதி வீடுகள் அடைத்துக் கிடந்தன. வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் சொன்னேன்.

"எந்த ஊருக்குங்க அனுப்புவாங்க?" என்றாள்.

"என் அப்பா ஊருக்கு."

"அங்க யாரு இருக்கா?"

"எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்ல."

"எனக்கும் இல்ல. நான் பொறந்த ஊர விட்டுட்டு ஊருக்குப் போன்னா என்னங்க அர்த்தம்? நீங்க அந்த ரோலர முடிங்க. நான் கப்பல் ஏற மாட்டேன்."

ரோலரைச் சங்கிலிக் கப்பியில் தூக்கி லேத்தில் ஏற்றினோம். செல்லையா கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். கண்ணைத் திறந்து, "பாரம் கூட. மெதுவா ஓட்டும்" என்றார். ரெகுலேட்டரைக் கீழே கொண்டுவந்து டூலைக் கொடுத்தேன்.

ஒரு பக்கம் தேய்ந்த கழுத்து அது. சுற்றில் பாதிக்கு டூல் இரும்பைத் தொடும், மீதிப் பாதிக்குக் காற்றைத்தான் வெட்டும். டூல் இரும்பைத் தொட்டதும் மோட்டார் திணறி ஏறக்குறைய நின்றுவிட்டது. காற்றுக்கு வந்ததும் விடுதலை கிடைத்த மாதிரி பாய்ந்தது. அந்தப் பாய்ச்சலோடு மறுபடி இரும்பில் போய் முட்டியது. டூல் முனை உடைந்தது. தீட்டி மாட்டினேன், அதுவும் உடைந்தது. ரெகுலேட்டர் பெட்டி தொடமுடியாதபடி கொதித்தது. சங்கிலிக்கு வழுக்கத் தெரியாது. ஒவ்வொரு இடியும் நேரே சங்கிலிச் சக்கரத்துக்கும் ஸ்பிண்டிலுக்கும் போய்க்கொண்டிருந்தது. கழுத்து கடையப்படுவதற்குப் பதிலாகக் கொத்தப்பட்டது. நான் நிறுத்தினேன்.

செல்லையா வெளியே போனார். சுருட்டுப் பிடித்துவிட்டு வந்தார்.

"பிழை என்ரை," என்றார். "பெட்டிக்குள்ள இருக்கிற கம்பி வேகத்தைக் குறைக்கேல்லை. மின்சாரத்தைச் சூடாக்கித் தின்னுது. மெல்லிய வேலையில அது தெரியேல்லை."

"எனக்கும் அது புடிச்சித்தான் இருந்துச்சிங்க," என்றேன்.

"ஓம். இனி என்ன செய்யலாம், சொல்லும்."

எனக்கு இருந்த யோசனை ஒன்றே ஒன்று. ஒரே வேகத்தில் ஓடும் சாதா மோட்டார், பெல்ட், பழைய படிப்புல்லி, பேக் கியர். மோட்டார் முழு வேகத்தில் ஓடட்டும், மெதுவாக்குவதைப் பல்சக்கரம் பார்த்துக்கொள்ளட்டும். செல்லையா தலையாட்டினார். ஆனால் சாதா மோட்டாருக்கு எங்கே போவது? தோட்டத்தில் இன்னும் ஒன்றுதான் இருந்தது. அது ஆற்றிலிருந்து துரை பங்களாவுக்கும் லயத்துக்கும் தண்ணீர் ஏற்றும் பம்பில் ஓடிக்கொண்டிருந்தது.

அதைக் கேட்கத் துரையிடம்தான் போகவேண்டும். எனக்குப் பயம்தான். ஏஜண்டு மோட்டார் ஆகாது என்று துரையிடம் சொன்னால், அப்படியே பட்டறையைப் பூட்டிவிடுவார். சொல்லாமல் மெல்லிய வேலைகளைக் காட்டி நாளைக் கடத்தினாலும், அந்த ரோலர் கடையாமல் கிடக்கிறதே, அது காட்டிக்கொடுத்துவிடும். இரண்டில் எதைச் செய்தாலும் கப்பல்தான் என்றால், வேலையைச் செய்துவிட்டே ஏறுகிறேன் என்று ஒரு வீம்பு வந்தது. "நான் வந்து துரைகிட்ட சொல்றேன்" என்றேன்.

"நீர் ஏன்? தெரிஞ்செடுத்தது நான்," என்று செல்லையா கிளம்பினார். நானும் கூடப் போனேன். அவர் ஆங்கிலத்தில் நீட்டி முழக்காமல் சொன்னார். துரை கேட்டுவிட்டு, என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "பம்பு மோட்டார் எடு. பங்களாத் தொட்டி காயும் மட்டும் உனக்கு நேரம். தொட்டி காய்ந்தால் மோட்டார் பம்புக்குப் போகணும், ரோலர் சிங்கப்பூர் போகணும்."

மோட்டாரை அவிழ்த்துக் கொண்டுவந்தோம். படிப்புல்லியைத் திரும்ப மாட்டினோம். மோட்டாருக்கும் லேத்துக்கும் நடுவே கூரையிலிருந்து தொங்கும் இடைப்புல்லியையும் ஏற்றினோம். செல்லையா மோட்டாரைத் தரையில் முடுக்காமல், முன்னும் பின்னும் நகரும்படி இரண்டு மரச் சட்டங்களின்மேல் உட்காரவைத்தார். எல்லாம் ஆனபிறகு, "சரி, பெல்ட்டைக் கொண்டாரும்" என்றார்.

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். அவரும் என் காலைப் பார்த்தார். பிறகு சுற்றி நின்ற எல்லார் காலையும் பார்த்தார்.

"உம்மட லேத் பெல்ட்டிலதான் நீர் நிக்கிறீர்," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

கடைக்குச் சொல்லி வரவழைக்க நேரமில்லை. மெயின் ஷாஃப்டின் அகலப் பெல்ட் முழுசாக யாரிடம் போனது என்று விசாரித்துக்கொண்டு ஓடினேன். மாட்டுவண்டி ஓட்டும் பெருமாளிடம் இருந்தது. ரப்பர்ப் பெட்டிகளை வண்டியில் இறுக்கிக் கட்ட வைத்திருந்தார். "எம் பங்கு அது. குடுத்திட்டு எதை வச்சு நான் கட்டுறது?" என்றார். நியாயமான கேள்வி. வீட்டிலிருந்த தேங்காய்நார்க் கயிறு முழுவதையும் பாக்கியம் கொண்டுவந்து அவர் வண்டியில் போட்டாள். விறகு கட்டும் கயிறு, கொடிக் கயிறு, தூளிக்கென்று எடுத்து வைத்திருந்த கயிறு எல்லாம் அதில் இருந்தது. பெருமாள் தூளிக் கயிற்றை மட்டும் எடுத்து அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தோலை என் தோளில் போட்டார். அதை நீளவாட்டில் கிழித்து, முனைகளைச் சீவி ஒட்டித் தைத்தோம்.

பெல்ட்டை மாட்டினபோது எனக்கும் செல்லையாவுக்கும் ஒரு வாக்குவாதம். நன்றாக இறுக்கவேண்டும், பலம் முழுவதும் வரவேண்டும் என்றேன் நான். ரெகுலேட்டர் காட்டிய கூத்தில் எனக்குப் பலத்தின்மேல் பேராசை வந்திருந்தது. "இறுக்கினால் அதுவும் சங்கிலிதான்," என்றார் அவர். "எப்பிடி நிக்கும் எண்டு சொல்லும்." முகத்துக்கு வரவேண்டிய டூல் வராமல் போன அந்த நாளை நினைத்தேன். சட்டத்தின்மேல் மோட்டாரைக் கொஞ்சம் முன்னே தள்ளி, பெல்ட்டைத் தளரவிட்டேன். அவர் தளர்ந்த பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு நூல் தள்ளச் சொன்னார். இறுக்கம் எங்கே போதும் என்று அந்த ரோலரில்தான் நான் படித்தேன்.

ஓட்டினோம். டூல் இரும்பைத் தொட்டது. மோட்டாரின் சத்தம் மாறவில்லை. காற்றுக்கு வந்தது, அப்போதும் மாறவில்லை. பேக் கியர் கடகடவென்று தன்பாட்டுக்குச் சுற்றியது. தடித்த துருவல் சுருண்டு விழ ஆரம்பித்தது. நடுவில் ஒரு கெட்டியான இடம் வந்து டூல் மாட்டியபோது பெல்ட் கத்திக்கொண்டு வழுக்கியது. டூலைப் பின்னுக்கு இழுத்தேன். முனை முழுசாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எண்ணெய்க் கையால் துடைத்து இன்னும் எரியவிட்டுக்கொண்டேன்.

ஆனால் ஒரு கழுத்து முடிந்தபோதே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மறு பக்கக் கழுத்தும் போயிருந்தது. கொத்திக் கெடுத்த இடத்தை எடுக்க நிறைய வெட்டு வேண்டும், அவசரப்பட்டால் ரோலரே போய்விடும். பங்களாத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் மிச்சமிருக்கும் என்று மனம் அடித்துக்கொண்டே இருந்தது. பங்களா வேலையாளைப் பார்த்துக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"தொட்டியா? நெறஞ்சு கெடக்கு," என்றார். "உங்க வீட்டுக்காரம்மாதான், லயத்துப் பொம்பளைங்கள எல்லாம் சேத்துக்கிட்டு, துரை மலைக்கு ரப்பர் மரம் பாக்கப் போனதும் தகரம் தகரமா ஊத்திட்டுப் போறாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஆற்றிலிருந்து லயத்துக்குத் தூக்கிவருகிறார்கள் என்று மட்டும் தெரியும். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த கையோடு மேடேறி, துரை குளிக்கும் தண்ணீரையும் சுமந்திருக்கிறார்கள். சாயந்திரம் கேட்டேன்.

"தொட்டி காயுற மட்டும்னுதான சொன்னாரு?" என்றாள் பாக்கியம், தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே. "காய விட்டாத்தான? நீங்க உங்க வேலையப் பாருங்க."

அதற்குப் பிறகு நான் அவசரப்படவில்லை. மறு கழுத்தை மெல்ல மெல்ல எடுத்தேன். செல்லையா அளவு பார்த்து, பித்தளைப் பேரிங்கைக் கழுத்துக்குப் பொருத்திச் சுரண்டினார். ரோலரை மில்லில் ஏற்றி, கையால் ஒரு சுற்று, பிறகு இஞ்சினில். ரப்பர்க் கட்டியை நுழைத்தார்கள். மறுபக்கம் தகடாக இறங்கியது. துரை அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை விரலால் தடவினார். செல்லையாவிடம் ஏதோ சொல்லிவிட்டு நடந்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் செல்லையாவிடம் ஓடினேன்.

"என்னங்க சொன்னாரு?" என்றேன்.

"பக்கத்துத் தோட்டத்திலயும் ஒரு ரோலர் கிடக்குதாம்," என்றார் செல்லையா. "அதையும் இங்க இறக்கச் சொல்லுறார். லேத்துக்கு இதே மாதிரி மோட்டார் ஒண்டு எழுதப்போறாராம். அது வரும்வரைக்கும் பம்பு மோட்டாரை வச்சிரும் எண்டார். பெட்டி மோட்டாரை ஏஜண்டுக்குத் திருப்பியாச்சு."

"அப்ப நானு?"

"நீர் இல்லாமல் ரோலரை ஆர் கடையிறது?"

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று நினைவில்லை. பாக்கியம் வாசலில் தண்ணீர்த் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். சொன்னேன். கப்பல் இல்லை என்றேன். அடுத்த ரோலரும் வருகிறது, பம்பு மோட்டார் இப்போதைக்குப் பட்டறையில்தான் என்றேன்.

"அலமாக்," என்று மலாய்க்காரர் மாதிரி அங்கலாய்த்தாள். "அப்ப அந்தத் தொட்டிக்கு இன்னும் ஊத்தணுமா?"

சொல்லிவிட்டு அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். கொஞ்சநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தகரத்தை நிமிர்த்தினாள். நான் இன்னொரு தகரத்தை எடுத்துக்கொண்டேன். இரண்டு பேருமாக ஆற்றுக்கு இறங்கினோம்.